தொடர்பு எல்லைக்கு வெளியே ஒரு கரடி

ஒரு காட்டில் (எந்தக் காடு, எத்தனாம் நம்பர் பஸ் போகும் என்றெல்லாம் குறுக்கே கேட்கக் கூடாது, எனக்குக் கெட்ட கோபம் வரும்) வீரணன் என்றொரு கரடி தேன் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தான். வியாபாரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பாறைமேல் ஏறி நின்று, "தேனு வந்திருக்கு, தேனேய்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். தேனில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. கொஞ்சம் அவன் வாயில் போகும், அது வேறு விஷயம்.

அப்படி இருந்த காட்டில் டவர் வந்தது. டவர் வந்ததும் மிருகங்களுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, ஒன்றுகூட நடக்க மாட்டேன் என்றது. மான் மேயக் கிளம்பும் முன்னால், எந்தப் பக்கம் புல் நன்றாக இருக்கிறது என்று ரிவியூ பார்த்தது. ஆந்தை பகலிலும் தூங்காமல் ரீல்ஸ் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது. வீரணன் பாறைமேல் கத்தினால், "யாருப்பா அது, வீடியோ கேட்கவே விட மாட்டேங்குறான்" என்று அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத் தேன் தொழிலில் இறங்கினான் மரநாய் சுருளி. வெல்லப்பாகைத் தேனில் கலப்பான், வெயிலில் வைத்துப் பளபளவென்று படம் எடுப்பான், ஸ்டேட்டஸ் போடுவான். அவ்வளவுதான் தொழில். வீரணனின் வாடிக்கை ஒவ்வொன்றாய் அந்தப் பக்கம் சாய்ந்தது. பானைகள் நிறைந்து கிடந்தன, வாங்க ஆளில்லை. கரடிக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தேன் கசந்தது.

அப்போதுதான் புலியார் வீட்டில் கல்யாணம் வந்தது. ஒரே மகள், காடே திரளும். சமையல் கான்ட்ராக்ட் யானை பெரியாண்டிக்கு. இந்தத் தேன் ஆர்டர் மட்டும் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வீரணன் ஓடினான்.

"அண்ணே, தேன் நம்மகிட்ட எடுத்துக்கங்கண்ணே. சுத்தமான மலைத்தேன்."

பெரியாண்டி ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, இன்னொரு காதை ஆட்டினார். "டேய் வீரணா, இப்பெல்லாம் நேர்ல பேசுற பழக்கமே இல்லடா. அளவு, தேதி எல்லாம் போன்லதான். உன் நம்பரைச் சொல்லு."

"நம்பரா?"

"நம்பர் இல்லாம வியாபாரம் பண்ண வந்துட்டியா? சுருளி ரெண்டு நம்பர் வச்சிருக்கான். போ, போ, ஒரு போனை வாங்கி நம்பரைக் குடு. கூப்பிடுறேன்."

வாசலில் சுருளி நின்றிருந்தான். பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்: "எதுக்குண்ணே உங்களுக்கு இந்த வயசுல போனெல்லாம்? இந்த ஆர்டர் எப்படியும் எனக்குத்தான். பேசாம என்கிட்ட வந்துருங்க. மரம் ஏற ஒரு ஆள் வேணும். தினக்கூலி, மதியம் சாப்பாடு."

வீரணனுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. தன் காட்டில், தன் மரத்தில், இந்த வெல்லப்பாகுக்காரனுக்குக் கூலிக்கு ஏறுவதா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். நேரே வீட்டுக்குப் போய் மனைவி பேச்சியைக் கூட்டிக்கொண்டு குரங்கு தவசியின் போன் கடைக்குப் போனான்.

தவசி கடையில் போன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. "வாங்கண்ணே, என்ன மாதிரி பார்க்கிறீங்க? கேமரா சூப்பரா இருக்கணுமா, கேம் ஆடணுமா?"

"தொழிலுக்குப்பா. யானை பேசுனா எனக்குக் கேக்கணும், நான் பேசுனா யானைக்குக் கேக்கணும்."

"அது எல்லாத்துலயும் கேட்கும்ணே."

"அப்புறம் எதுக்கு இத்தனை வச்சிருக்க?"

தவசி போன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தான். முதல் போனில் வீரணன் விரலை வைத்ததும் ஒரே நேரத்தில் ஐந்து எழுத்து விழுந்தது. அடுத்ததில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். நகம்தான் பட்டது, ஸ்க்ரீனில் கீறல் விழுந்தது. முகம் காட்டித் திறக்கும் போன் ஒன்று வந்தது. வீரணன் முகத்துக்குத் திறந்தது. பேச்சி எட்டிப் பார்த்தாள், அதற்கும் திறந்தது. தெருவில் போன பன்றிக்கும் திறந்தது. பேச்சி தவசியை ஒரு முறை முறைத்தாள். கடைசியில், கீழே போட்டாலும் உடையாத, சார்ஜ் லேசில் இறங்காத, தேன் கையோடு தொட்டாலும் துடைத்துக்கொள்ளலாம் போல ஒரு தடித்த போனாகப் பார்த்து எடுத்தார்கள். நல்ல போன்தான். போனில் குற்றம் சொல்ல மாட்டேன்.

"சிம்மு எதுண்ணே போடட்டும்?" என்றான் தவசி. "உங்க குகைக்கு நேர் மேலயே கழுகு நெட்வொர்க் டவர் நிக்குது. அதைப் போட்டுட்டா சிக்னல் கொட்டும்."

வீரணன் வாயைத் திறந்தான். 'சரி' என்கிற சொல் பாதி வந்துவிட்டது. பேச்சி இடுப்பில் கிள்ளினாள்.

"ஏங்க, என் தம்பி ஒச்சப்பன் கொக்கு நெட்வொர்க்ல ஏஜெண்டாச் சேர்ந்திருக்கான், மறந்துட்டீங்களா? இந்த மாசம் டார்கெட் முடிக்கலைன்னா வேலையை விட்டுத் தூக்கிருவாங்களாம். அவன் இருக்கும்போது ஊரான் சிம்மைப் போட்டா அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"கொக்கு டவர் ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கு? நம்ம வீட்டுக்கு வருமா?"

"என் தம்பியே ஆத்தைத் தாண்டி நம்ம வீட்டுக்கு வர்றான். சிக்னல் வராதா?"

இதற்குமேல் ஒரு கணவன் என்ன பேச முடியும்? கழுகு சிம் போட்டிருந்தால் குகையில் சிக்னல் கிடைத்திருக்கும், சோறு கிடைத்திருக்காது. ஒச்சப்பன் ஓடி வந்து, "மச்சான்னா மச்சான்தான்!" என்று கட்டிப்பிடித்து, கொக்கு சிம்மைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். வீரணன் அன்றைக்கே பெரியாண்டியிடம் நம்பரைக் கொடுத்தான். "கூப்பிடுறேன்டா" என்றார் யானை.

வீட்டுக்கு வந்து போனை நடுக்குகையில், பலகைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால், சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

ஒச்சப்பனைப் பிடித்துக் கேட்டான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மச்சான்" என்றான் அவன். பண்ணினான். "சிம்மைக் கழற்றி ஊதிப் போடுங்க மச்சான்." போட்டான். "அப்படின்னா கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுங்க மச்சான்." அதற்குத்தானடா சிக்னல் இல்லை!

வேங்கை மரத்தின் உச்சிக் கிளையில் ஏறி, வலது கையை முழுக்க நீட்டினால் ஒரே ஒரு கோடு வந்தது. வீரணன் ஏறி நின்றான். அந்தக் கிளையில் ஒரு தேன்கூடு இருந்தது. "நான் தேனுக்கு வரலை, சிக்னலுக்கு வந்தேன்" என்று ஒரு கரடி சொன்னால் எந்தத் தேனீ நம்பும்? மூஞ்சி முழுக்க வீங்கி இறங்கினான். அதற்கப்புறம் முகம் காட்டித் திறக்கும் போனாக இருந்திருந்தால் அதுகூடத் திறந்திருக்காது.

இதற்கிடையில் தவசி வந்து காதில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். பெரியாண்டி தினமும் சுருளியோடு பேசுகிறாராம். கூப்பிட்ட மாத்திரத்தில் சுருளி, "சொல்லுங்கண்ணே" என்கிறானாம். "கல்யாண வேலையில் பிஸி" என்று ஸ்டேட்டஸும் போட்டுவிட்டானாம்.

வீரணன் சுவரில் சாய்ந்துவிட்டான். பேச்சி மூக்கைச் சிந்தினாள். "என் தம்பி பொழைக்கணும்னு பார்த்து உங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனே!" என்று அழுதாள். அவள் அழுது அவன் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கத்தான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

"விடு பேச்சி. பெரியாண்டி அண்ணன் காலுல விழுந்து உண்மையைச் சொல்லிப் பார்க்கிறேன். அதுவும் ஆகலைன்னா மரம் ஏறத்தான் கை கால் இருக்கே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வழியெல்லாம் 'சுருளி முதலாளி' என்று மனசுக்குள் சொல்லிப் பழகினான். வாய் ஒத்துழைக்கவில்லை.

பெரியாண்டி வீட்டு வாசலில் தயங்கித் தயங்கி நின்றான். உள்ளேயிருந்து யானை அவனைப் பார்த்தார். பார்த்ததும் எழுந்தார். யானை எழுவது என்பது சாதாரண விஷயமில்லை.

"வாங்க முதலாளி! வாங்க, வாங்க! நேர்லயே வந்துட்டீங்களா! ஏலே, யாரங்கே, முதலாளிக்கு நாற்காலி போடு!"

வீரணன் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் யாருமில்லை.

"என்ன முதலாளி, உங்களைப் பிடிக்கவே முடியலையே! கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தும்பிக்கையே தேஞ்சுபோச்சு. எப்பப் போட்டாலும், 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்'னு ஒரு பொம்பளைப் புள்ளை சொல்லுது. அடேங்கப்பா! பதில் சொல்றதுக்கே ஆள் வச்சிருக்கீங்க! எல்லைக்கு வெளியேன்னா என்ன, வெளிக்காட்டுலயும் யாவாரமா?"

"அண்ணே, அது வந்து... சிக்னல்..."

"தெரியும், தெரியும், தன்னடக்கம். அந்தச் சுருளிப் பயலைப் பாருங்க. ஒரு ரிங்கு முழுசா அடிக்கிறதுக்குள்ள எடுத்துடுறான். கையில வேலை இருக்கிறவன் அப்படி எடுப்பானா? காலையில போட்டாலும் எடுக்குறான், குளிக்கும்போது போட்டாலும் எடுக்குறான். வெட்டிப்பய. அவனை நம்பி புலியார் வீட்டு விசேஷத்தைக் குடுக்க முடியுமா?"

"உண்மையிலேயே டவர் ஆத்துக்கு அந்தப் பக்கம்ணே. மச்சினன் கம்பெனி..."

"கம்பெனியே மச்சினனோடதா!" யானை இரண்டு கையும் கூப்பினார், அதாவது தும்பிக்கையைத் தூக்கினார். "முதலாளி, நீங்க சொல்றதுதான் ரேட்டு. தேனை வளர்பிறை முகூர்த்தத்தன்னிக்குக் காலையில இறக்கிருங்க."

வீரணன் உண்மையை மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்தான். நம்ப ஆளில்லாத உண்மையை எத்தனை தடவைதான் சொல்வது? ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பேச்சி தம்பிக்குக் கறி எடுத்து ஆக்கிப் போட்டாள்.

ஆனால் புலியார் வீட்டில் ஜோசியர் ஆமை கடைசி நேரத்தில் ஏதோ கணக்குப் பார்த்து, முகூர்த்தத்தை ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டார். ஊருக்கே போனில் சேதி போனது. வீரணனுக்குப் போகவில்லை. அவன் எப்போதும்போல எல்லைக்கு வெளியே இருந்தான். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், பானைகளைச் சுமந்துகொண்டு போய்ப் பார்த்தால் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பந்தி முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. தேனில்லாத பந்தி!

 ஆர்டர் போனது போகட்டும், புலியார் தோலை உரித்துத் தொங்கவிடுவாரே!

பந்தல் ஓரத்தில் யாரோ ஒருவன் குனிந்து எச்சில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தான். பார்த்தால் சுருளி. காது ஒன்று கிழிந்திருந்தது.

"நீ ஏண்டா இங்க?" என்றான் வீரணன்.

சுருளி அழாத குறைதான். "தேன் வரலைன்னதும் புலியாருக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சுண்ணே. யாரையாவது கடிக்கணும்னு நின்னார். உங்களுக்குப் போட்டார், கிடைக்கலை. அடுத்த நம்பர் என்னுது. நான் வழக்கம்போல ஒரே ரிங்குல எடுத்துட்டேன். 'சொல்லுங்கண்ணே'ன்னேன். 'உடனே வாடா'ன்னார். வந்தேன். 'நான் தேனே குடுக்கலையே'ன்னு கதறினேன். 'அதைத்தாண்டா நானும் கேக்குறேன், ஏன் குடுக்கலை'ன்னு அறைஞ்சார்."

அதற்குள் புலியார் வெளியே வந்தார். கோபமெல்லாம் சுருளி மேலேயே தீர்ந்துவிட்டதால் முகம் சாந்தமாக இருந்தது. பானைகளைப் பார்த்தார். "அடடே, வீரணன் முதலாளியா! எவ்வளவு வேலைக்கு நடுவுல நேர்ல வந்திருக்கீங்க! மறுவீட்டு விருந்துக்குச் சரியாப் போச்சு, உள்ள இறக்குங்க" என்றார். வீரணன் ஒவ்வொன்றாக இறக்கினான். அந்த நேரத்தில் சுருளியைப் பார்க்க அவனுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சேதி காடெல்லாம் பரவியது. மறுநாளிலிருந்து வியாபாரிகள் எல்லாரும் கழுகு சிம்மைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒச்சப்பன் முன்னால் வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் சுருளி. "எனக்குச் சிக்னலே வராத சிம்மாப் பார்த்துக் குடுங்க" என்று கெஞ்சினான். ஒச்சப்பனுக்கு டார்கெட் முடிந்து, பதவி உயர்வும் வந்தது. கம்பெனிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் காட்டு மக்கள் நம்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்களே என்று கண் கலங்கி, நன்றிக்கடனாக ஒரு புது டவரைக் கொண்டுவந்து, நேராக வீரணன் குகை வாசலிலேயே நட்டுவிட்டார்கள்.

அன்று மத்தியானம் வீரணனின் போன் முதல் முறையாக அடித்தது. பெரியாண்டி பெயர் மின்னியது. பேச்சி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, எடுத்துறாதீங்க!"

அவன் எடுக்கவில்லை. அன்றைக்கே பானை, பாய், மனைவி சகிதம் எந்த டவரும் எட்டாத பாதாளப் பள்ளத்துக்குக் குடிபோய்விட்டான். இப்போது காட்டின் பெரிய முதலாளிகள் அத்தனை பேரும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறார்கள். அங்கே வாடகை கேட்டால் மயக்கம் வருகிறது.

நீதி: தப்புப் பண்ணினவன் மாட்டுவதில்லை, முதல் ரிங்கில் எடுத்தவன்தான் மாட்டுவான். ஆகவே தொழிலுக்குப் போன் வாங்குகிறவர்கள், விலை உயர்ந்ததாக ஒரு போனையும், மச்சினனிடமிருந்து ஒரு சிம்மையும் வாங்கவும்.