சாட்சியின் பாஸ்போர்ட்

ஜவ்வாது மலையில் அந்தக் காலத்தில் சாட்சி இல்லாமல் ஒரு கடுகுகூட வெடித்ததில்லை. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் சாட்சியின் மெஸ்ஸில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்த மனிதருக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து அவரைப் பற்றி விசாரித்தபோது, அப்படி ஒரு ஆளே இந்த ஊரில் இல்லை என்று சொன்னேன். காரணம் பகையும் இல்லை, பயமும் இல்லை. வயிறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்தால், உங்களைச் சிரிக்கவைத்து நடுவில் நான் தப்பித்துக்கொண்டதாக ஆகிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் மலைமேல் ஒரு சின்ன ஊரின் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கல்யாணம் ஆகாதவன். வந்த புதிதில் நானே சமைத்துப் பார்த்தேன். நான் வடித்த சோற்றைக் காக்கைக்கு வைத்தேன். அது மூக்கால் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அன்றே சாட்சியின் மெஸ்ஸில் சேர்ந்துவிட்டேன்.

மெஸ் என்றால் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. நான்கு பெஞ்சு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அந்த முக்காலிதான் சாட்சி உட்காரும் இடம். அதாவது சமைப்பவர் அல்ல, அன்றைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்.

"சார், இங்க பாருங்க. உப்பு ரெண்டு கை. போடறேன். பாத்துக்கினீங்களா?"

"பாத்தேன்யா."

"அப்புறம் எவனாச்சும் உப்பு இல்லன்னு சொன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

பி.எஸ்ஸி. படித்துவிட்டுத் தினமும் காலையில் உப்புக்குச் சாட்சியாக இருந்தேன். புளிக்குப் போஸ்ட்மேன். அதனால் ஊரில் கடிதங்கள் பதினோரு மணிக்கு மேல்தான் போய்ச் சேரும். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்பதற்குச் செங்கம் பஸ்ஸின் கண்டக்டர். பால் காய்ந்து பொங்கும்வரை பஸ் புறப்படாது. உள்ளே இருப்பவர்கள் கத்தினால், "இருங்கப்பா, சாட்சி சொல்லிக்கினு வர்றேன்" என்று அவர் இங்கிருந்தே குரல் கொடுப்பார்.

வீட்டிலும் இதே கதைதான். அவருடைய மனைவி பச்சையம்மா ஒரு நாள் என்னிடம் முறையிட்டார்: "எங்கூட சண்ட போடணும்னாகூடப் பக்கத்து வூட்டுக்காரர கூட்டியாந்து குந்த வெச்சிக்கினுதான் சார் போடறாரு. அந்த ஆளு பாவம், வேல வெட்டிய உட்டுட்டு வந்து குந்திக்கினு கீறாரு."

இந்தப் பழக்கம் வந்த கதை சிரிப்புக்குரியதல்ல. இளவயதில், யாரோ வெட்டிய சந்தனக் கட்டைக்காக ஆள் மாறி அவரைப் பிடித்துப் போய்விட்டார்கள். அன்று ராத்திரி அவர் தன் குடிசையில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். "தூங்கினதுக்கு யாருடா சாட்சி?" என்று கேட்டார்களாம். பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். பிறகு அவர் எதையும் தனியாகச் செய்யவில்லை. ஊர் அவருடைய பெயரை மறந்து சாட்சி என்று கூப்பிட ஆரம்பித்தது.

அவருடைய சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது. சாமைச் சோறு, கொள்ளுக் கடைசல், பக்கத்தில் ஒரு வறுத்த மிளகாய். இவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசலின் வாசனைக்குக் கரும்பலகையில் பாதியில் நிற்கும் கணக்கை அப்படியே விட்டுவிட்டு மணியடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படி மயங்கியவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. காவலூரில் ஏதோ கட்டட வேலைக்காக வந்து தங்கியிருந்த ஒரு என்ஜினீயர், வாரம் மூன்று நாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு இங்கே சாப்பிட வருவார். பிறகு அவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். அங்கிருந்து சாட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் முகாமில் நூறு பேருக்குச் சமைக்க ஆள் வேண்டும், பாஸ்போர்ட் எடுத்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். நான்தான் படித்துச் சொன்னேன்.

சாட்சி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பாஸ்போர்ட்டுல என் பேரு போடுவாங்களா சார்?"

"போடாம? உன் பேரு, உங்க அப்பா பேரு, போட்டோ, எல்லாம் இருக்கும்."

"சாட்சின்னா?"

"உன் நெஜப் பேரு."

"அண்ணாமல" என்றார், யாரோ தூரத்துச் சொந்தக்காரரின் பெயரைச் சொல்வதுபோல. "அந்தப் பேரக் கேட்டே ரொம்ப நாளாச்சு சார். எங்கம்மா போனப்புறம் யாரும் கூப்புடல."

விண்ணப்பத்தை நான் சந்தோஷமாகவே பூர்த்தி செய்தேன். மலையிலிருந்து ஒரு ஆள் கப்பலோ விமானமோ ஏறிப் போவார் என்று நான் ஒரு கணமும் நம்பவில்லை. அதனால் சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

"பொறந்த தேதி?"

"சாமை அறுத்துட்டுத் தேன் எடுக்கப் போற மாசம்."

"வருஷம்?"

"கரடி ஊருக்குள்ள வந்த வருசம்."

"அங்க அடையாளம்?"

சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். தோளிலிருந்து இடுப்புவரை நான்கு கோடு. "அதே கரடியோட குட்டி, சார். நான் பெருசானதும் அதுவும் பெருசாயிடுச்சி."

"கரடிதான்னு எழுதணுமா?"

"எழுதுங்க. ஆனா அதுக்குச் சாட்சி இல்ல. நானும் அதுவும் மட்டுந்தான் இருந்தோம்."

கடைசிப் பக்கத்தில், உள்ளூரில் உங்களை அறிந்த இருவரின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் படித்துச் சொன்னதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சார்! கெவருமெண்டே சாட்சி கேக்குது!" மறுநாள் காலையில் பதினாலு பேரை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பேர் போதும் என்று புரியவைப்பதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. கடைசியில் என் பெயரையும் போஸ்ட்மாஸ்டர் பெயரையும் எழுதினோம்.

போட்டோவுக்குச் செங்கம் போனோம். ஸ்டுடியோவில் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தால், என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுக்கிறார். "நீங்களும் நில்லுங்க சார். இது நான்தான்னு யாரு சொல்றது?" போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். முதல் போட்டோவில் சாட்சியோடு என் பாதி முகமும் விழுந்தது. அதைத் தள்ளிவிட்டு இரண்டாவது எடுக்க வேண்டியதாயிற்று.

விண்ணப்பம் மெட்ராசுக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்துச் சாட்சி தன் மாமனார் ஊர்த் திருவிழாவுக்காகக் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பன்னிரண்டு நாள் போனார். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பன்னும் டீயும்தான். பதின்மூன்றாவது நாள் என் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் முதன்முறையாக உறைத்தது: இவர் நிஜமாகவே மஸ்கட்டுக்குப் போய்விட்டால்?

சாட்சி திரும்பி வந்து அடுப்பு மூட்டிய அதே நாள், மத்தியான பஸ்ஸில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டி, வெளிறிப்போயிருந்தார். நேரே பள்ளிக்கு வந்தார்.

"சார், அண்ணாமலை, தகப்பனார் பேரு காளி. இப்படி ஒரு ஆளு இங்க இருக்காரா? பாஸ்போர்ட் விசாரணை. போட்டோ மெட்ராஸ்லயே நின்னுடுச்சு, பேரு மட்டுந்தான் எங்கிட்ட வந்திருக்கு. பஸ் ஸ்டாப்புல நாலு பேரைக் கேட்டேன். 'திருவண்ணாமலைக்கா போறீங்க? பஸ் சாயங்காலந்தான்'னு சொல்றாங்க. உங்க பேரைத்தான் எழுதியிருக்காரு. இன்னொருத்தர் போஸ்ட்மாஸ்டர், அவரு மாத்தலாகிப் போய்ட்டாராமே."

ஜன்னல் வழியாகக் கொள்ளு வேகும் வாசனை வந்தது.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்றேன். "யாராவது என் பேரைக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு எழுதியிருப்பாங்க."

இவ்வளவுதான். இரண்டு வாக்கியம். குரல்கூட நடுங்கவில்லை. வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்வதுபோல இயல்பாக வந்தது.

இதைவிடக் கேவலம் இனிமேல்தான். மனிதர் பசியோடு இருந்தார். வேறு இடம் இல்லாததால் சாட்சியின் மெஸ்ஸுக்கே கூட்டிப் போனேன்.

"யாரு சார் இவரு?" என்று சாட்சி காதோடு கேட்டார்.

"சென்சஸ்" என்றேன்.

சாட்சி விழுந்து விழுந்து கவனித்தார். போலீஸ்காரர் மூன்று முறை சோறு வாங்கினார். "வயித்துக்கு இப்பத்தான் உயிர் வந்திச்சு. உம் பேரு இன்னாப்பா?" என்றார்.

"சாட்சிங்க."

"நல்ல பேரு" என்று கையைக் கழுவிக்கொண்டு, அதே பெஞ்சில் உட்கார்ந்து, மேற்படி நபர் மேற்படி ஊரில் வசிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. அதையும் நானே படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கொடுத்த முகவரியில் விண்ணப்பதாரர் இல்லை என்று விசாரணையில் தெரியவந்துள்ளது.

"இல்லன்னா? நான் இல்லையா சார்?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். "யோவ், நான் கீறனா இல்லையா, சொல்லு" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். "கீறியேப்பா, நேத்துகூடக் காரம் ஜாஸ்தின்னு சொன்னதுக்குச் சண்டைக்கு வந்தியே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, கண்டக்டர் காத்திருக்க, பாலை அடுப்பில் வைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது நாள் தாங்கினேன். பத்தாம் நாள் மத்தியானம் எல்லோரும் எழுந்து போனபிறகு சொன்னேன். "சாட்சி, அன்னிக்கு வந்தவரு சென்சஸ் இல்ல. உன்னைப் பத்தி விசாரிக்க வந்த போலீஸ். தெரியாதுன்னு சொன்னவன் நான்தான்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏன் சார்?"

"நீ போய்ட்டா என் சாப்பாட்டுக்கு வழியில்லையேன்னு."

அவர் கரண்டியில் இருந்த ரசத்தை என் தட்டில் ஊற்றினார். நான் அதைச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல முக்காலியில் போய் உட்கார்ந்தேன். சாட்சி கையில் உப்போடு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார். அங்கே படவேட்டிலிருந்து புளி வாங்க வந்த யாரோ ஒரு வியாபாரி நின்றிருந்தார். "ஐயா, செத்த உள்ள வாங்க. உப்பு போடறேன், பாத்துக்கோங்க." அந்த மனிதர் மிரண்டுபோய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது தினமும் நடந்தது. என்னைத் தவிர மலையில் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். ஆனால் என் தட்டில் ஒரு நாளும் ஒரு பிடி குறையவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

லீவு போட்டுவிட்டு மெட்ராசுக்குப் போனேன். வேண்டுமென்றே பொய் சொன்னேன் என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அங்கிருந்த அதிகாரி அதை இரண்டு முறை படித்தார்.

"வாத்தியாரா?"

"ஆமாங்க. கணக்கு."

"தப்பை அடிச்சுட்டு மறுபடியும் போடணும்ங்கறீங்க."

"ஆமாங்க."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். இன்னும் மூன்று தடவை போக வேண்டியிருந்தது. கடைசியில் மறுவிசாரணைக்கு உத்தரவாகி, அதே போலீஸ்காரர் அதே வெளிறிய முகத்தோடு வந்து இறங்கினார். பஸ் படியிலேயே அவர் கையைப் பிடித்து மெஸ்ஸுக்கு இழுத்துப் போனேன். "இவர்தான் அண்ணாமலை. தகப்பனார் பேரு காளி."

"இவரா? யோவ் வாத்தியாரே, இவரு கையாலதானேய்யா அன்னிக்குச் சாப்ட்டேன்!"

என்னை வாயார வைதார். நியாயம்தான். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்.

பாஸ்போர்ட் வந்தபோது முதல் கடிதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மஸ்கட் முகாமில் ஆம்பூர்க்காரர் ஒருவர் சமையலுக்குச் சேர்ந்து வெகுநாளாயிற்று. என்ஜினீயருக்கு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதினேன். வேறு இடம் இருந்தால் சொல்கிறேன் என்று ஒரே ஒரு பதில் வந்தது. மெட்ராசில் தெரிந்தவர்கள் மூலம் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் கூடிவரவில்லை.

சாட்சி அந்தச் சின்னப் புத்தகத்தைப் பிரித்து, "பேரப் படிங்க சார்" என்றார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு வெற்றுப் பக்கங்களைப் புரட்டினார்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"போற நாட்டுலெல்லாம் முத்திரை குத்துவாங்க."

"இம்மாம் நாடு கீதா?" என்று ஆச்சரியப்பட்டு, துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அந்த மாதமே கொட்டகைக்குப் பலகை மாட்டினார். கா. அண்ணாமலை மெஸ். பெயிண்டருக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டி, எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதச் சொன்னார். பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் அந்தப் பலகைக்கு நேர்கீழே நின்றுகொண்டு, "சாட்சி மெஸ் எங்கப்பா?" என்று கேட்டார்கள்.

அடுத்த வருஷம் எனக்குக் கீழே மாற்றலாயிற்று. கடைசி நாள் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டபிறகு சொன்னேன்:

"நான் மட்டும் அன்னிக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, நீ இந்நேரம் மஸ்கட்ல இருந்திருப்ப."

"போயிருப்பேன் சார்" என்றார் அண்ணாமலை, கொள்ளுக் கடைசலைக் கிளறிக்கொண்டே. சமாதானத்துக்குக்கூட மறுக்கவில்லை. பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு அவரே சொன்னார்:

"போயி, அங்க நூறு பேருக்குச் சோறு போட்டுக்கினே, இந்த வாத்தியாரு இப்ப இன்னா சாப்டறாரோன்னு நெனச்சிக்கினு இருந்திருப்பேன்."

கரண்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். வயிற்றில் இடமே இல்லை. தட்டை நீட்டினேன்.