காலி பண்ணணும்

அரிகிருஷ்ணன் கேரட்டில் செய்த பூவை விழுங்கிவிட்டு, இப்போது சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார். எதிரே சச்சிக்கோ முழங்காலை மடக்கி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள். தமிழில் அவளுக்குப் பிசகில்லாமல் வரும் வாக்கியம் அது ஒன்றுதான்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது. அரிகிருஷ்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேலே அவர் மகள் தமிழினி கதவருகிலேயே காத்திருந்தாள்.

"சொல்லிட்டியாப்பா?"

"பாதி சொல்லிட்டேன்."

"எந்தப் பாதி?"

"வணக்கம் வரைக்கும்."

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் அரிகிருஷ்ணன் கட்டிய வீடு அது. மேலே குடும்பம். கீழே வாடகைக்கு ஜப்பான்காரி சச்சிக்கோவின் ஓட்டல். வாசல் பலகையில் ஜப்பானிய எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. தெருக்காரர்கள் படிக்க முயலவில்லை. 'ஜப்பான் மெஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சனி, ஞாயிறுகளில் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து ஜப்பானிய இன்ஜினியர்கள் காரில் வந்து இறங்குவார்கள். ஷூவைக் கழற்றிவிட்டுக் கோரைப்பாய் போன்ற ஒன்றின் மேல் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். குடியிருப்பவர்களால் அரிகிருஷ்ணனுக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. பிரச்சினையே அதுதான்.

தமிழினி பல் டாக்டர். யார் யாருடைய கிளினிக்கிலோ நின்று பல் பிடுங்கி அலுத்துப்போய், சொந்தக் கிளினிக் வைப்பது என்று முடிவு செய்துவிட்டாள். முனை வீடு, கார் நிறுத்த இடம், சிக்னல் பக்கம். கீழ்த்தளத்தைவிடத் தோதான இடம் கிடையாது. தை மாதம் திறப்பு. பல் நாற்காலிக்குக்கூட ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. காலி செய்யச் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்தப் பொறுப்பு வீட்டின் தலைவரிடம் வந்து சேர்ந்தது.

கேரட் பூவை விழுங்கிய அந்தச் சித்திரை நாளில் அதற்காகத்தான் அவர் கீழே போயிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சச்சிக்கோ குனிந்து வணங்கி, உட்கார வைத்து, எதிரே ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பருவத்துக்கு ஒரு பெட்டி என்பது அந்த ஓட்டலின் வழக்கம். அறை அறையாகத் தடுத்த பெட்டி. ஒவ்வொரு அறையிலும் அந்தப் பருவத்துக்கான பண்டம். அப்போது அவர்கள் ஊரில் வசந்தமாம். வெளியே வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் சோறு பூவாகவும் கேரட் பூவாகவும் முள்ளங்கி பூவாகவும் மலர்ந்திருந்தன.

அரிகிருஷ்ணன் நெல் விளைத்த வீட்டில் பிறந்தவர். சோறு என்றால் ஆவி பறக்க வேண்டும், குழம்பு சிவக்க வேண்டும். பெட்டியில் இருந்த சோறு ஆறியிருந்தது. பழைய சோறு என்றாலும் பரவாயில்லை, கூட ஒரு பச்சை மிளகாயாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. ஆம்லெட்டைக் கடித்தார், இனித்தது. முட்டையில் சர்க்கரை போட்ட மனிதர்களை அவர் அதுவரை சந்தித்ததில்லை. ஓரத்தில் சிவப்பாக உட்கார்ந்திருந்த ஒரு காயைக் கடித்தபோது காது வரைக்கும் உப்பு ஏறியது.

ஆனால் எதிரே ஒருத்தி முழங்கால் மடித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மிச்சம் வைப்பது எப்படி? ஒன்று விடாமல் சாப்பிட்டார். சாப்பிடும்போது காலி செய்யச் சொல்வது முறையில்லை. சாப்பிட்டு முடித்தபின் சொல்வது அதைவிட முறையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சொல்வதற்கு நேரமே கிடைக்கவில்லை.

"நீங்க சரிப்பட்டு வரமாட்டீங்க" என்றாள் அவர் மனைவி தனக்கோடி. "பொம்பளைக்குப் பொம்பளை பேசினாத்தான் சரியா வரும். நான் போறேன்."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். போனவள் வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். கையில் கறுப்புப் பெட்டி.

"இன்னா சொன்னாங்க?"

"பாவங்க அது. மோர் மிளகா எப்படிப் போடறதுன்னு அங்க வேல செய்யற பொண்ண விட்டுக் கேட்டுச்சு. சொல்லிக் குடுத்தேன். துணியை மடிச்சுப் பூ மாதிரி செய்ய எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. பாருங்க."

"நான் கேட்டது காலி பண்ற விஷயம் தனம்."

"அத எப்படிங்க சொல்றது? உங்களுக்கு அது சமையல்னா உசுருன்னு சொன்னேன். மூஞ்சி அப்படியே மலர்ந்துடுச்சு. உடனே இதைக் குடுத்தனுப்பிச்சு." பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். "நான் சாப்பிடலங்க. அதுல முட்டை இனிக்குது."

அரிகிருஷ்ணன் சாப்பிட்டார். பெட்டியைக் கழுவித் திருப்பித் தர வேண்டும் அல்லவா?

ஆடியில் அவருக்கு வேறு யோசனை தோன்றியது. வாயால் சொல்ல முடியாததைத் தண்ணீரால் சொல்லலாம். பல வீட்டுக்காரர்கள் கையாளும் முறைதான். காலையில் மோட்டார் போடாமல் விட்டார். கீழே குழாய் நின்றது. தொட்டி ஒன்றுதான் என்பதால் மேலேயும் நின்றது. தமிழினி தலையில் ஷாம்பு நுரையோடு குளியலறையிலிருந்து கத்தினாள்.

சற்று நேரத்தில் சச்சிக்கோ படியேறி வந்தாள். தன் ஓட்டலில் தண்ணீர் அதிகம் செலவானதால்தான் தொட்டி வற்றிவிட்டது என்று நினைத்து, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பின்னால் ஓட்டலில் வேலை செய்யும் பட்டு நின்றிருந்தாள். பக்கத்துக் கேம்ப் ரோடுக்காரி. மூன்று வருடமாக அந்தச் சமையல் கட்டில் இருந்து, ஜப்பானிய மொழியைக் காய்கறிகளின் வழியாகக் கற்றுக்கொண்டவள்.

"மேடத்துக்கு ரொம்பப் பேஜாராப் பூட்ச்சி ஓனர் சார். இனிமே பாத்திரத்தக் கொறஞ்ச தண்ணில கழுவறோம்னு சொல்றாங்கோ" என்றாள்.

அரிகிருஷ்ணன் கூனிக் குறுகிப்போனார். அன்றே போன் செய்து லாரித் தண்ணீர் வரவழைத்து ஊற்றினார். மறுநாள் பட்டு மறுபடி மாடியேறினாள்.

"லாரி வுட்டதுக்கு மேடம் நன்றி சொல்றாங்கோ. சாப்பிட வரச் சொன்னாங்கோ. புதுப் பொட்டி, வெயில் காலத்துக்கு."

வெயில் காலப் பெட்டியில் குளிர்ந்த கத்தரிக்காயும், ஐஸ் மேல் படுத்துக் கிடந்த நூடுல்சும் இருந்தன. அரிகிருஷ்ணன் அதையும் சாப்பிட்டார். இந்த முறை பட்டு பக்கத்திலேயே இருந்ததில் அவருக்குத் தைரியம் வந்தது. சச்சிக்கோவுக்குத் தமிழ் தெரியாது. பட்டுவிடம் சொன்னால் அவள் சொல்லிவிடுவாள். பாவம் பட்டுவுக்குப் போகட்டும்.

கடைசி வாய்க்கு முன்னால் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பட்டு, மேடத்துக்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். தப்பா நெனச்சிக்கக் கூடாது. தை மாசத்துக்குள்ள... காலி பண்ணணும்."

பட்டு பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"தையா? இன்னா சார் நீங்க, இன்னும் ஒரு வாய்தான கீது. இப்பவே காலி பண்ணிடலாம்."

"அது இல்ல பட்டு. எல்லாத்தையும் காலி பண்ணணும்னு சொல்றேன்."

"எல்லாத்தையுமா!" பட்டுவின் கண்கள் விரிந்தன. சச்சிக்கோவின் பக்கம் திரும்பி மளமளவென்று ஏதோ சொன்னாள். சச்சிக்கோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து உள்ளே ஓடினாள்.

ஒருவழியாகச் சொல்லியாகிவிட்டது என்று அரிகிருஷ்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பாவம்தான். ஆனால் சொல்லியாகிவிட்டது.

சச்சிக்கோ திரும்பி வந்தாள். கையில் இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன.

"சமையல் கட்டுல மிச்சம் இருக்கறது இவ்ளோதான் சார்" என்றாள் பட்டு. "ஜப்பான்காரங்கோ கூட இப்பிடி ஆசையாக் கேட்டதில்லியாம்."

அன்று இரவு அரிகிருஷ்ணன் சாப்பாடு வேண்டாம் என்றார். சோம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஐப்பசி வந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழே பெட்டிக்குள் இலையுதிர் காலம் நடந்துகொண்டிருந்தது. கேரட்டெல்லாம் பழுத்த இலைகளாக வெட்டப்பட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் உதிர்ந்து கிடந்தன. அழைப்பு வந்தது, அரிகிருஷ்ணன் போனார், சாப்பிட்டார், நல்லா இருக்கு என்றார், வந்தார்.

தமிழினி பொறுமை இழந்துவிட்டாள்.

"நாற்காலி வந்து குடோன்ல கெடக்குதுப்பா. நான் என்ன மொட்டை மாடியில வச்சா பல்லு புடுங்குவேன்? போதும். நானே போய் இங்கிலீஷ்ல தெளிவா சொல்லிட்டு வரேன்."

"போ. ஆனா எதைக் குடுத்தாலும் சாப்பிடாத" என்று எச்சரித்தார் அரிகிருஷ்ணன்.

தமிழினி படியிறங்கிப் போன வேகத்தைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் மெதுவாக ஏறி வந்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். வெறும் கைதான். பெட்டி எதுவும் இல்லை.

"சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"ஏன்? சாப்பிடச் சொன்னாங்களா?"

"இல்ல. நான் அவசரமா செருப்பை அப்படி அப்படியே உதறிட்டு உள்ள போனேன். அவங்க வாசலுக்குப் போய்க் குனிஞ்சு, அந்தச் செருப்பை எடுத்து, தண்ணியைத் தொடச்சு, வெளியே பார்த்தாப்ல திருப்பி வச்சாங்க. நான் கிளம்பறப்ப கால மாட்டிக்க ஈசியா இருக்கணுமாம்." தமிழினி தன் வெறும் காலைப் பார்த்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் அத்தனை பேர் கிளினிக்ல வேல பார்த்தேன். யாரும் என் செருப்பைக் கண்டுக்கிட்டது கூட இல்ல."

அரிகிருஷ்ணன் எழுந்து போய் மகளுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார்.

"கோவிலம்பாக்கத்துல ஒரு இடம் இருக்குதுன்னு என் ஃபிரெண்டு சொன்னா" என்றாள் தமிழினி கடைசியில். "கொஞ்சம் சின்ன எடம்தான். டிராஃபிக் வேற. பார்த்துக்கலாம் விடு."

அந்த வாரமே கோவிலம்பாக்கத்தில் இடம் பேசி முடித்து, நாற்காலியை அங்கே இறக்கினார்கள். தமிழினி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அரிகிருஷ்ணனுக்கு அதுதான் உறுத்தியது. ஆனால் அந்த உறுத்தலுக்குள்ளேயே, சித்திரையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கிப்போனதையும் உணர்ந்தார். அவர் யாரையும் வெளியே போகச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருந்தன்மையான மனிதனாக நடந்துகொள்ளும் வாய்ப்பும் கிடைத்திருக்கிறது. அதை அரைகுறையாகச் செய்ய அவர் விரும்பவில்லை. ஐந்து வருடத்துக்குப் புது அக்ரிமெண்ட் எழுதி, வாடகையைக் கூட்டாமல், கையெழுத்துப் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மழை விட்டிருந்தது. ஓட்டலில் யாரும் இல்லை. சச்சிக்கோ வழக்கம்போல் குனிந்து வணங்கினாள். பெட்டி வருவதற்கு முன்பே அரிகிருஷ்ணன் கையை உயர்த்தித் தடுத்தார்.

"பட்டு, இன்னிக்கி மொதல்ல நான் பேசணும். அப்புறந்தான் சாப்பாடு. மேடத்துக்கிட்ட சொல்லு. இந்த எடத்துக்கு எத்தனையோ பேர் கேட்டாங்க. என் சொந்தப் பொண்ணே கேட்டா. நான் குடுக்கல. இது அவங்க எடம். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அவங்க எங்கயும் போக வேணாம்."

பட்டு அவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா சார்?"

"சத்தியமா. சொல்லு."

"ஒரு தபா யோசிச்சிக்கினு..."

"யோசிக்க ஒண்ணும் இல்ல. சொல்லும்மா."

பட்டு சொன்னாள். இந்தத் தடவை மளமளவென்று சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைப்பதுபோல் சொன்னாள்.

சச்சிக்கோ மஞ்சள் தடவிய காகிதத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அதையே பார்த்தாள். பிறகு நெற்றி பாயில் படும்படி குனிந்தாள். நிமிரவில்லை. தோள்கள் குலுங்கின.

"அழாதீங்கம்மா" என்றார் அரிகிருஷ்ணன். "நாங்க இருக்கோம்."

சச்சிக்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவருக்கு மறுபடி ஒரு வணக்கம் வைத்துவிட்டுச் சமையல் கட்டுக்குள் போனாள். உள்ளே பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"பாவம், சந்தோஷம் தாங்கல" என்றார் அரிகிருஷ்ணன்.

பட்டு சமையல் கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னா சந்தோஷம்? கடைய மூடிக்கினு ஊருக்குப் போறேன்னு உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் சார் சித்திரையிலேர்ந்து கூப்ட்டுக் கூப்ட்டு சோறு போடறாங்கோ, நீங்க பொட்டியை வழிச்சி வழிச்சி சாப்டுற ஆசையப் பார்த்து வாய் வராமத்தான் ஒவ்வொரு வாட்டியும் உள்ள வந்து அழுவறாங்கோ!"