மாப்பிள்ளை மாட்டிய எட்டு ஜிபி

பழங்காநத்தம், மதுரை
செவ்வாய்க்கிழமை

உசிலம்பட்டியில் மனைவி மக்களோடும் பம்புசெட் மோட்டார்களோடும் நல்லபடியாக இருக்கும் மாப்பிள்ளை அருள்பாண்டி அவர்களுக்கு, மாமா ஆண்டிச்சாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் பாண்டீஸ்வரியும் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் சுகம்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாற்பது கிலோமீட்டரில் இருப்பவருக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் மோட்டாருக்குள் கையை விட்டபடி ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள். கடையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், இரண்டு நீலக் கோடு விழுந்த பிறகு பதில் வரும்வரை நான் எங்கே போய் உட்காருவது? கடிதமென்றால் நீங்கள் படித்துக் கோபப்படுவதற்கும், அந்தக் கோபம் எனக்குத் தெரியவருவதற்கும் நடுவில் மூன்று நான்கு நாளாவது கிடைக்கும்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது நான் கண்மாய்களின் மழையளவு அட்டவணையைத் திறக்கச் சொல்லிவிட்டு, காபி குடித்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றித் திரும்பியும் அது திறந்தபாடில்லை. "என்ன மாமா, இம்புட்டு நேரமாவா சுத்துது?" என்று கேட்டீர்கள். பழகிவிட்டது என்றேன். மறுநாள் நீங்களே கடைக்குப் போய் எட்டு ஜிபி ரேம் வாங்கிவந்து, பெட்டியைக் கழற்றி, ஏற்கெனவே இருந்த எட்டோடு இந்த எட்டையும் மாட்டி, "இனிப் பறக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். பதினொரு மாதத்திற்குப் பிறகு நீங்கள் நம் வீட்டில் கைநனைத்ததும் அந்த முறைதான்.

அந்தப் பதினொரு மாதத்திற்குக் காரணம் நான்தான் என்பது எனக்குத் தெரியாமலில்லை. பேத்தியின் காதுகுத்துக்கு நீங்கள் அச்சடித்த பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் ஒத்துவரவில்லை என்பதை, உங்கள் பங்காளிகள் இருபது பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். நான் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் தப்பாகப் போயிற்று. முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன், ஓய்வுபெற்ற பிறகும் அந்த வேலையைத் தொடர்ந்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோகிறார்கள். அந்தப் பதினொரு மாதமும் பாண்டீஸ்வரி போனில் அவள் அம்மாவோடு பேசினாள். என்னிடம், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவாள்.

ஆகவே, இனி நான் எழுதுவதில் பிழை என்று எதையும் சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

நீங்கள் போன மறுநாள் காலை அட்டவணையைத் திறந்தேன். முன்பு பதினொரு நிமிடம். இப்போது பதினொரு நிமிடமும் ஐந்து நொடியும். என் கைக்கடிகாரம் பழையது என்பதால் சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பிறகு ஏழு நாள் தொடர்ந்து, அதே நேரத்தில், மின்விசிறியை நிறுத்தியும் ஓடவிட்டும் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. இந்த வருடம் மழை கூடுதல், அதனால் அட்டவணையே கனத்துப்போயிருக்கலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். கடைசியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் எட்டு. வேகமோ, நீங்கள் கொடுத்த டப்பாவில் 3200 என்றிருக்க, திரையில் 2400. ஒருவேளை திரை தவறாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு புரோகிராமை இறக்கிப் பார்த்தேன். அது 1200 என்றது. பார்க்கப் பார்க்கக் குறைந்துகொண்டே போனதால் அதற்கு மேல் பார்க்காமல் நிறுத்திக்கொண்டேன்.

நான் ஏதாவது செய்து கெடுத்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணம் போய்விடவில்லை. உங்கள் அத்தையிடம் தூசி தட்டக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். மெயின்ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சரண்யாதேவி என்ற பெண், மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாருங்கய்யா இத மாட்டுனது?" என்று கேட்டது.

"நான்தான்மா" என்றேன். பணியில் இருந்த காலத்தில்கூட நான் இப்படிப் பொய் சொன்னதில்லை, மாப்பிள்ளை.

"ஒரு பக்கம் கிளிப்பு உக்காரவே இல்ல. சும்மா சொருகி வச்சிருக்கீக. ரெண்டு கட்ட விரலயும் வச்சு அமுக்குனா டக்குனு சத்தம் வரணும்யா."

அந்த 1200க்கும் அந்தப் பெண்ணே விளக்கம் சொன்னது. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை வேலை நடக்குமாம்; அதனால் 1200 என்பதை 2400 என்று படிக்க வேண்டுமாம். உங்கள் ரேம் 3200இல் ஓடக்கூடியதுதான், ஆனால் பழையது 2400. இரண்டும் சேர்ந்து ஓடினால் மெதுவானதன் வேகத்துக்குத்தான் ஓடும் என்றது. இது எனக்கு உடனே புரிந்தது. நானும் உங்கள் அத்தையும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது, அவள் வழியில் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவாள். நான் தனியாக நடந்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். தனியாக நடந்ததில்லை. அதனால் வேகம் குறைவாக இருப்பது பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. கேள்வியெல்லாம் அந்த எட்டு பற்றியதுதான்.

சரண்யாதேவி விரலை வைத்து அமுக்கப் போனது. நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன். வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"நோவு என்னன்னு கேட்டுட்டு மருந்து வேணாம்ங்கிறீகளே" என்றது.

அப்புறம் சொல்லாமல் முடியவில்லை. மாட்டியது எங்கள் மாப்பிள்ளை என்றேன். பதினொரு மாதக் கதையையும், பக்கத்தில் பிரிண்டருக்கு மை நிரப்ப வந்து நின்றவரும் கேட்கும்படி, சொல்லிவிட்டேன். அது சிரிக்கவில்லை. மூடியைத் திரும்பப் பொருத்தி, திருகாணியெல்லாம் முடுக்கிவிட்டு, "அப்ப அவருதான்யா அமுக்கணும். எங்க வீட்லயும் ஒரு மாப்ள இருக்காரு" என்றது.

பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தேன். அட்டவணை மறுபடி பதினொரு நிமிடம்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண் அமுக்கியிருந்தால் கம்ப்யூட்டர் சரியாகியிருக்கும். நீங்கள் அறியவே மாட்டீர்கள். ஆனால் எனக்குத் தெரியுமே. அடுத்த முறை வந்து நீங்கள், "எப்படி மாமா, பறக்குதா?" என்று கேட்டால் நான் என்ன முகத்தோடு ஆமாம் என்பேன்? ஊரில் எரிந்துபோன மோட்டாரையெல்லாம் எழுப்பிவிடுகிறவர் நீங்கள். உங்கள் கை வேலையைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்தேன் என்பது பத்திரிகையில் கிழமை பார்த்ததைவிடப் பெரிய காரியம். அந்தக் கிளிப் கட்டாயம் நீங்கள் போட்டபோது உட்கார்ந்துதான் இருந்திருக்கும். அதன்பிறகு நான் துடைத்தபோது தளர்ந்திருக்கலாம். ஆட்டோ வேகத்தடையில் ஏறியபோது எழும்பியிருக்கலாம். ஆட்டோவில் போனது எட்டைப் பார்த்த பிறகுதானே என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான். நானும் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான்: இந்தப் பக்கம் வேறு ஏதாவது வேலையாக வந்தால், அந்த வேலை முடிந்த பிறகு, மனதுக்குத் தோன்றினால், கட்டைவிரலை ஒருமுறை வைத்துப் பார்க்க முடியுமா? வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. எட்டு ஜிபியை வைத்து நான் இத்தனை வருடம் ஓட்டியவன். நீங்கள் வருவது மட்டும் நிற்க வேண்டாம்.

பேத்திக்கு என் முத்தங்கள். பாண்டீஸ்வரி வேளைக்குச் சாப்பிடட்டும். உங்கள் கடைக்கு நிறைய மோட்டார்கள் வரட்டும். விவசாயிகளுக்கு நஷ்டமில்லாமல் வரட்டும்.

உங்கள் மாமா,
பா. ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தபால்தலை தேடப் போனேன். திரும்பி வருவதற்குள் உங்கள் அத்தை முழுவதும் படித்து முடித்து, உங்களுக்குப் போனும் போட்டுவிட்டாள். "மாப்ள, நீங்க மாட்டுனது சரியா உக்காரலையாம். இந்த மனுசன் ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. எப்ப வாரீக?" என்று கேட்டுவிட்டாள். அம்புட்டுத்தான். நான் ஐந்து பக்கத்தில் சொன்னது அவளுக்கு அரை நிமிடம்.

அவளும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள். அதனால் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. "கெளம்புறப்பவே பாத்தேன் அத்தே, எட்டுத்தான் காட்டுச்சு. மறுக்கா கழட்டுனா மாமா ஏதும் சொல்லுவாரோன்னு பயந்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அதான் போனும் பண்ணல."

மாப்பிள்ளை, எனக்கு அறுபத்தொன்பது வயது. அதிகாரிகளுக்குப் பயந்திருக்கிறேன், பக்கத்து வீட்டு நாய்க்குப் பயந்திருக்கிறேன், ஒரு மாதமாக உங்களுக்குப் பயந்திருக்கிறேன். என்னைக் கண்டு பயப்பட ஓர் ஆள் இருக்கிறார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் பெட்டி பக்கமே வராமல் அடுப்படியில் இருந்துகொள்கிறேன். நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வருகிறேன். கூப்பிடுங்கள்.