கயிறு பிடித்த வழித்துணைவர்

அன்பரே, ஒரு வாலிபனுக்கு நீர் கடைசியாக அறிவுரை சொன்னபோது, அவனுக்கு மூச்சு இருந்ததா என்று பார்த்தீரா?

பார்த்திருக்க மாட்டீர். நானறிந்த பெரியோர் எவரும் பார்ப்பதில்லை. ஆகையால் இதைக் கேளும்.

யுத்தம் முடிந்து, முத்துக்குளிப்புக்கு மறுபடியும் அனுமதி வந்த வருஷத்தில் தூத்துக்குடியில் ஒரு புதிய மோகம் பரவியது. முந்திய வருஷத்து மோகம் கைக்கடிகாரம்; இந்த வருஷத்து மோகம் வாலிபர். கோட்டு அணிந்த ஒவ்வொரு கனவானும் வழிகாட்டுவதற்கு ஒரு வாலிபனைத் தேடி அலைந்தார். வாலிபர் வழித்துணைச் சங்கம் உதயமாயிற்று. சம்பளமில்லாத தொண்டு, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளைச் சின்னம் மாத்திரம் உண்டு. சின்னங்கள் தீர்ந்துபோன அன்று இரண்டு கனவான்கள் கைகலந்தார்கள்.

தலைவர் தேவபிரசாதம், ஓய்வுபெற்ற டிப்டி தாசில்தார். நீந்தத் தெரியாதவர், எனினும் கடலோர வாலிபரைக் கரையேற்றுவதில் உறுதியுள்ளவர். திரேஸ்புரத்துக் கரையில் அவர் ஒரு பயங்கரத்தைக் கண்டுபிடித்தார். முத்துக்குளிக்க இறங்குகிறவனுடைய கயிற்றை வள்ளத்தின்மேல் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தான்! தலைமுறை தலைமுறையாக அதுவே வழக்கமாம்.

“மைத்துனன் என்பது ஒரு தகுதியா?” என்று தலைவர் சங்கத்தில் முழங்கினார். சபை கைதட்டியது. அந்தக் கைதட்டல் முத்துக்குளிப்பை நடத்தும் அதிகாரியின் காதுக்கு எட்டி, ‘இனி ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு வழித்துணைவரே கயிற்றைப் பிடிக்க வேண்டியது, தவறினால் வள்ளம் முத்துச்சிப்பி விளையும் கடல்திட்டாகிய பாருக்குப் போகலாகாது’ என்று உத்தரவாகத் திரும்பி வந்தது.

குளியாளி சேசுவடியானுக்கு வாய்த்த துணைவர் தலைவரே. புறப்படும் நேரத்தில் சேசுவடியானின் மனைவி இசபெல்லா, நிறைமாதக்காரி, அவரை மறித்து நின்றாள்.

“ஐயா, கயித்த எங்க அண்ணன் கஸ்பார் பிடிக்கட்டும். கை அசந்தா தங்கச்சி தாலி போயிரும்னு அவனுக்குத் தெரியும். உங்க கை அசந்தா உங்களுக்கு என்ன போவும்?”

“என் நற்பெயர், அம்மா.”

“அது போனா அழுவீகளோ?”

“வருத்தத் தீர்மானம் நிறைவேற்றுவோம்,” என்றார் தலைவர் கம்பீரமாக.

கஸ்பாரைத் துடுப்புப் போட மாத்திரம் அனுமதித்தார்கள். அதற்கும் தகுதி தேவையென்று சங்கத்துக்கு இன்னும் தோன்றவில்லை.

பாருக்கு வந்ததும் சேசுவடியான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சிலுவை போட்டு, ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் குளிகல்லில் காலை வைத்து இறங்கினான். தலைவர் ஒரு கையில் கயிறும் மறுகையில் குடையுமாக அமர்ந்து, தன்னம்பிக்கையைக் குறித்துக் கஸ்பாருக்கு உபதேசிக்கலானார். கயிறு சுண்டியது.

“ஐயா, கூப்பிடுதான். இழுங்க!”

“பதறாதே. இப்போதுதானே போனான்? தொட்டதற்கெல்லாம் பிறரை அழைப்பது வாலிபரின் முதற்குறை.”

கயிறு பலமாகச் சுண்டியது.

“ஏ ஐயா! மூச்சு முட்டுது அவனுக்கு!”

“முட்டட்டும். அப்போதுதான் தானாக ஒரு வழி தேடுவான். நாமே இழுத்துவிட்டால், மேலே வர அவன் என்றைக்குக் கற்றுக்கொள்வது?”

கயிறு வெறிகொண்டதுபோல் ஆடிற்று. பிறகு நின்றுவிட்டது.

“பார்த்தாயா?” என்றார் தலைவர் முகம் மலர. “அடங்கிவிட்டான். நமது முறை பலித்தது.”

கஸ்பார் துடுப்பை எறிந்தான். அவன் தலைவரைத் தள்ளினானா, தாண்டினானா என்பதை ஆராயச் சங்கம் பின்னர் ஒரு கமிட்டி அமைத்தது. குடை கடலில் மிதந்தது. கஸ்பார் இழுத்த கயிற்றோடு மேலே வந்த சேசுவடியானுக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம். கஸ்பார் அவனைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினான்.

“மச்சான், ஏ மச்சான், கண்ணத் தொற! அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?”

வெகுநேரம் கழித்து ஒரு இருமல் வந்தது. தலைவர் குனிந்து, “தம்பி, இந்த அனுபவத்தால் நீ கற்றுக்கொண்டது என்ன?” என்று அன்போடு கேட்டார்.

சேசுவடியான் கண்ணைத் திறந்தான். கேட்டவர் யாரென்று பார்த்தான். மறுபடியும் மூடிக்கொண்டான்.

மறுநாள் மாலை சங்கம் தன் முதல் வெற்றியைக் கொண்டாடியது. வாலிபன் உயிரோடிருப்பதே முறையின் சிறப்புக்குச் சாட்சி என்றார் தலைவர். கஸ்பார் முன்கோபியாதலால் அவனுக்கு இரண்டு துணைவர்கள் நியமிக்கப்பட்டார்கள். சபை கைதட்டியது. அப்போது வாசலில் இசபெல்லா வந்து நின்றாள்.

“ஐயாமாரே, கயிறு பிடிக்க உங்களுக்கு அம்புட்டு ஆசைன்னா நான் தடுக்கல. எங்க கரையில கல்யாணம் ஆவாத பயலுவ நெறையக் கெடக்கான். உங்க வீட்டுப் பொண்ண அவனுவளுக்குக் கட்டிக் குடுங்க. மறுநாளே வந்து கயித்தப் பிடிங்க. எப்ப இழுக்கணும்னு ஒருத்தரும் சொல்லித் தர வேண்டாம்.”

அந்நேரம் கனவான்கள் அனைவருக்கும் அவசர வேலைகள் நினைவுக்கு வந்தன. கதவண்டை நெரிசல். தலைவர் மாத்திரம் மேடையில் நிலைத்து நின்று, “மகள் வேறு, தொண்டு வேறு!” என்றார். வெளியேறிக்கொண்டே சபை அதையும் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

சிரிக்கிறீரா? அந்தச் சபையில் உமக்கும் எனக்கும் நாற்காலி போட்டிருந்தது. உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை. விடிந்தால் வள்ளங்கள் பாருக்குப் போகும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம் குத்திய கனவான் குடையோடு ஏறுவார். அவர் உம் அண்ணாச்சியாக இருக்கலாம், உம் தகப்பனாராக இருக்கலாம், நீராகவே இருக்கலாம். இன்றே போய் அந்தக் கயிற்றை உரியவன் கையில் கொடுத்துவிடும். உபதேசம் செய்தே தீரவேண்டுமென்றால், ஆள் மேலே வந்து, கஞ்சி குடித்து, தூங்கி எழட்டும். பிறகு ஆற அமரச் செய்யும். இப்போது புத்தகத்தை மூடும். செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்படும்.