அலைஞானியின் இரண்டு பெட்டிகள்

சலவைக் கடையின் மாடிப்படியில் தொடங்கிய வரிசை, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, பல் வைத்தியர் வாசல்வரை வளைந்து கிடந்தது. பேருந்துக்காக நின்றவர்கள்கூட அதில் கலந்துவிட்டார்கள். இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் மேலே ஏதோ உண்மை இருக்கத்தானே வேண்டும்? பல் வலியோடு வந்த ஒருவர் வலியை மறந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். ஞானியின் அற்புதம் தெருவிலேயே ஆரம்பமாகிவிட்டது.

மாடியில் இருந்தவர் பெயர் அலைஞானி. ஆறு மாதத்துக்கு முன்புவரை நடைபாதையில் குடை விரித்து, செல்போன்களுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் வெயிலில் மயங்கி விழுந்தார். எழுந்தபோது காற்றில் போகும் அலைகளெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தனவாம். நாம் வெயிலில் விழுந்தால் தலைவலிதான் வரும். எதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஊரில் மூன்று செல்போன் கம்பெனிகள். சிவப்பு, நீலம், மஞ்சள். மூன்றுமே "நாங்கள்தான் முதலிடம்" என்று தெருவுக்குத் தெரு பலகை வைத்திருந்தன. இரண்டாமிடம் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது. எந்த சிம் வாங்கினால் வீட்டுக்குள் சிக்னல் வரும் என்று கேட்டால், கம்பெனிக்காரன் ஒரு பெண் சிரிக்கும் படத்தைக் காட்டினான். மக்கள் குழம்பினார்கள். குழம்பியவர்கள் கூடும் இடத்தில் ஒரு ஞானி முளைப்பது இயற்கைதானே?

ஞானியின் முறை சுலபமானது. உங்கள் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். "மஞ்சள் அலை உங்க ரத்தத்துக்கு ஆகலை" என்பார். உங்கள் போனை ஒரு வெள்ளிநிற வட்டப் பெட்டிக்குள், சிவப்புத் துணி மெத்தைமேல் வைத்து மூடுவார். அதன் பெயர் சோதனைப் பெட்டி. பக்கத்தில் ஞானியின் மச்சான் நிற்பார். அவர் உங்கள் எண்ணைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைப்பார். "நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்று ஒரு பெண் குரல் சொல்லும். கூட்டம் 'ஆ' என்று வாயைப் பிளக்கும்.

பிறகு அதே போனில், உங்கள் ரத்தத்துக்குப் பொருத்தமான கம்பெனியின் சிம்மைப் போடுவார். இம்முறை அருள் பெட்டி. அதே வெள்ளிநிறம், அதே சிவப்புத் துணி. மூடி போட்டதும் மச்சான் கூப்பிடுவார். பெட்டிக்குள் போன் கணகணவென்று அடிக்கும். அழாத குறையாகப் பலர் கும்பிடுவார்கள்.

"எதுக்கு சாமி ரெண்டு பெட்டி?" என்று முதல் வாரத்தில் யாரோ கேட்டார்களாம். "கெட்ட அலை இருந்த இடத்துல நல்ல அலையை வைக்கலாமா? நீ குடிச்ச எச்சில் டம்ளர்ல உன் பிள்ளைக்குப் பால் கொடுப்பியா?" என்று ஞானி திருப்பிக் கேட்டார். கேட்டவர் வெட்கப்பட்டுப் போனார். அதன்பின் யாரும் கேட்கவில்லை. ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியைப் பதிலாகக் கொடுத்தால், நம் ஆட்கள் அதைத் தத்துவம் என்று எழுதி வைத்துக்கொள்வார்கள்.

இந்த வரிசையில் அறிவியல் வாத்தியார் ஒருவர் நின்றார் என்று சொன்னால் நம்புவீர்களா? நின்றார். எட்டாம் வகுப்புக்கு ஒலி, ஒளி, காந்தம், மின்சாரம் எல்லாம் நடத்துகிறவர்.

அவர் மனைவிக்கு லிஃப்ட் அக்கா என்று பெயர். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தில், பழைய இரும்பு லிஃப்டை ஓட்டுவது அவள் வேலை. அந்த லிஃப்டுக்குத் தானாக நிற்கத் தெரியாது. அக்கா பிடியை இழுத்தால்தான் தளத்தோடு தளமாகப் பொருந்தி நிற்கும். ஒரு முக்காலி, ஒரு பிடி, சங்கிலியில் தொங்கும் பித்தளைக் கதவுச் சாவி. இவற்றோடு பதினாறு வருடமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாள். கதவை இழுத்துச் சாத்தியதும் அவள் போன் செத்துப்போகும். ஏதாவது ஒரு மாடியில் கதவு திறந்தால் உயிர் வரும்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் அவள் எண்ணைக் கொடுக்காமல் வாத்தியார் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். வாத்தியாரின் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. சைக்கிள் கடை வைத்திருந்தவன், கடையோடு தன் போனையும் விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டான்; இப்போது வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. "பொருத்தமா ஒண்ணு கிடைச்சா கூப்பிடுவோம். பத்து நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை. எடுக்கலேன்னா பட்டியல்ல அடுத்தவங்களுக்குப் போயிடும்" என்று ஆஸ்பத்திரி அம்மாள் தெளிவாகச் சொல்லியிருந்தாள். போனை வகுப்பில் அணைக்காமல் வைத்திருக்கத் தலைமையாசிரியர்கூட வாத்தியாருக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்.

ஒருநாள் ஏதோ விவரம் கேட்க ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பாதியில் குரல் அறுந்துவிட்டது. அன்றிலிருந்து வாத்தியாருக்குத் தூக்கம் போயிற்று. ஆசிரியர் அறையில் மூன்று பேரிடம் கேட்டார். மூன்று பேரும் மூன்று கம்பெனியைச் சொல்லி, மற்ற இரண்டும் குப்பை என்று சத்தியம் செய்தார்கள். தம்பியின் உயிர் ஒரு மணிச் சத்தத்தில் தொங்கும்போது மனிதன் படித்ததெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது. வாத்தியார் மாடிப்படி ஏறினார்.

மஞ்சள் ஆகாது, நீலம்தான் என்று தீர்ப்பாயிற்று. பெட்டி மணி அடித்தது. வாத்தியார் கண் கலங்கினார். பழைய எண்ணையே நீலத்துக்கு மாற்றிக் கொடுத்த ஞானி, கூடவே ஒரு கவசத்தையும் கொடுத்தார். கறுப்பு வெல்வெட்டில் தைத்த உறை. "பத்து நாள் இதுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே எடுத்துடாதீங்க. அலை பழகணும். மணி அடிச்சா உறையோட காதுல வெச்சுப் பேசுங்க."

உறையின் புகழ் ஏற்கெனவே ஊர் முழுக்கப் பரவியிருந்தது. "கடன் வேணுமா, கடன் வேணுமான்னு தினம் பத்து போன் வரும். உறை போட்டதும் ஒண்ணுகூட வரலை. என்ன ஒரு நிம்மதி!" என்று மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் சொன்னார். மருந்து கேட்டும் யாரும் கூப்பிடவில்லை என்பது மாதக் கடைசியில்தான் அவருக்குத் தெரிய வந்தது. அதற்கும் வேறு காரணம் கண்டுபிடித்தார்: ஊரில் நோய் குறைந்துவிட்டதாம்.

நான்காம் நாள் மாலை. வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட் அக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஏங்க, ஆறாவது மாடியில கதவு திறந்தப்போ ரெண்டு தடவை கூப்பிட்டேன். எல்லைக்கு வெளியே இருக்கீங்கன்னு சொல்லுது."

"நான் வகுப்புலதான் இருந்தேன். உன் போன்லதான் கோளாறு. நீயும் ஒரு தடவை ஞானிகிட்ட வா."

அக்கா நின்ற இடத்திலேயே மறுபடி கூப்பிட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பையில் உறை இருந்தது. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது குரல்.

பதினாறு வருடமாகத் தன்னைக் கூப்பிட்டவர்களெல்லாம் புகார் சொன்ன அதே வாசகம். அக்கா உறையைப் பிடுங்கினாள். தையல் கத்தரியால் ஓரத்தைப் பிரித்தாள். வெல்வெட்டுக்கு அடியில், நான்கு பக்கமும் மடித்து வைத்த செப்புத் தகடு பளபளத்தது.

"இது உறை இல்லைங்க. இது லிஃப்ட். இதுக்குள்ளதான் பதினாறு வருஷமா நான் உட்கார்ந்திருக்கேன்."

போன் வெளியே வந்ததும் மூச்சுவிட்டது. தவறிய அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தலைமையாசிரியர். பால்காரர். பிறகு ஆஸ்பத்திரி. முந்தின நாள் காலை பதினொன்று பத்து. மறுபடி பதினொன்று இருபது.

அக்காதான் கூப்பிட்டுப் பேசினாள்.

"வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சும்மா. உங்க பேரு பட்டியல்ல அப்படியேதான் இருக்கு. அடுத்த தடவையாவது எடுங்க" என்றாள் ஆஸ்பத்திரி அம்மாள்.

உள்ளறையில் படுத்திருந்த கொழுந்தனுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தான். "விடுங்க அண்ணி. யாரோ ஒருத்தன் பொழைச்சிருப்பான்ல? போனுக்குச் சட்டை போடாத புத்திசாலி" என்று சிரிக்கப் பார்த்தான். வாத்தியார் விடைத்தாள்மேல் தலையைக் கவிழ்த்து அழுதார்.

"பாடம் நடத்தினேன்டா. உலோகப் பெட்டிக்குள்ள ரேடியோ அலை போகாதுன்னு போன வாரம்தான் நடத்தினேன். பரீட்சையில கேள்விகூட கேட்டிருக்கேன்."

அக்காவுக்குக் கோபம் கோபமாக வந்தது. கணவர்மேல் கொஞ்சம். பயந்துபோன மனிதனின் கையில் செப்புத் தகட்டைச் சொருகிய ஞானிமேல் முழுசாக.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே இருவரும் மாடியேறினார்கள். அறை நிறையக் கூட்டம். ஞானி ஒரு கல்யாணத் தரகரின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தரகருக்கும் நீலம்தான் வந்தது. சோதனைப் பெட்டிக்குள் அவருடைய சிவப்புக் கம்பெனி போன் செத்தது.

"சாமி, ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் அக்கா. "இதே போனை, சிம் மாத்தாம, அப்படியே அந்த அருள் பெட்டிக்குள்ள வைங்களேன்."

ஞானி கண்ணைத் திறந்தார். "பெட்டி கெட்டுடும்மா."

"கெட்டா நான் புதுசு வாங்கித் தர்றேன்."

"அலை விஷயத்துல விளையாடக் கூடாது!" என்றார் மச்சான்.

"விளையாடலை. என் கொழுந்தன் உயிரோட நீங்கதான் விளையாடினீங்க" என்று அக்கா நடந்ததைச் சொன்னாள். கீழே சலவைக் கடை வைத்திருந்தவர், ஞானிக்கு மாடியை வாடகைக்கு விட்டவர், கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். தரகரின் போனை எடுத்து அருள் பெட்டிக்குள் வைத்து மூடினார். வாத்தியார் வகுப்பறைக் குரலில் எண்ணைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டார்.

ரத்தத்துக்கு ஆகாத சிவப்பு அலை கணகணவென்று அடித்தது.

"இந்தம்மாவோட அவநம்பிக்கை அலை பெட்டியைக் குழப்புது!" என்று ஞானி கத்தினார்.

"சரி, உங்க போனை வைங்க. உங்களுக்குத்தான் எல்லா அலையும் வசமாச்சே. எந்தப் பெட்டியில வெச்சாலும் அடிக்கணும்ல?"

இப்போது கூட்டமே ஞானியைப் பார்த்தது. நேற்றுவரை வாயைப் பிளந்து பார்த்த கூட்டம், வாயை மூடிக்கொண்டு பார்த்தது. சலவைக்காரர் ஞானியின் மடியிலிருந்த போனை எடுத்துச் சோதனைப் பெட்டிக்குள் வைத்தார். வாத்தியார் கூப்பிட்டார். சர்வ அலைகளையும் கண்ணால் கண்ட ஞானி, தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டார்.

அக்கா லிஃப்ட் சாவியை எடுத்தாள். சோதனைப் பெட்டியைத் தட்டினாள். டங் என்றது. அருள் பெட்டியைத் தட்டினாள். டொக் என்றது.

"இது எவர்சில்வர். இது வெள்ளிச் சாயம் பூசின பிளாஸ்டிக். இவ்வளவுதாங்க ஞானம்."

சிவப்புத் துணியைச் சலவைக்காரர் உரித்தார். துணியைப் பற்றி அவருக்குத் தெரியாதா? சோதனைப் பெட்டியில் மெத்தைக்கு அடியிலும் மூடிக்கு உள்ளேயும் அலுமினியத் தாள் மூன்று சுற்று ஒட்டியிருந்தது.

அப்போதுதான் ஒருவர் பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். "உங்களுக்கு என்ன கலர் சொன்னாரு?" நீலம். அவருக்கும் நீலம். அதற்கடுத்தவருக்கும் நீலம். அந்த மாதம் வந்த அத்தனை பேர் ரத்தமும் நீலமாகத்தான் ஓடியிருக்கிறது. போன மாதம் வந்தவர்கள் எல்லோருக்கும் சிவப்பு. ஆறு மாதமாக வரிசையில் தோளோடு தோள் உரசி நின்றவர்கள், இந்த ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. தன் ரத்தம் தனி ரகம் என்று ஒவ்வொருவரும் ரகசியமாக வைத்துக்கொண்டார்களாம்.

"நாங்க என்ன பண்றது? சிவப்புக்காரங்க பேசினபடி கமிஷன் தரலையே!" என்று மச்சான் உளறிவிட்டார். ஞானி அவரைப் பார்த்த பார்வையில் எல்லா அலைகளும் இருந்தன.

கூட்டம் பெட்டிகளைத் தூக்கித் தெருவில் போட்டது. கவசங்களும் பறந்தன. சலவைக்காரர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். ஞானியும் மச்சானும் படியில் இறங்கி ஓடியபோது, வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர், மேலே நடந்தது தெரியாமல், "சாமி, எனக்கு என்ன கலர்?" என்று துரத்திக்கொண்டே போனார். இன்னொருவர் அக்காவிடம் நெருங்கி, குரலைத் தாழ்த்தி, "நல்லா அடிச்ச அந்தப் பெட்டி மட்டும் எங்கே கிடைக்கும்மா?" என்று கேட்டார். அக்கா தெருவைக் கைகாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று பிற்பகல் அக்கா பக்கத்து வீடுகளில் மூன்று கம்பெனி போன்களையும் இரவல் வாங்கினாள். கூடத்தில், சமையலறையில், குளியலறையில் வைத்து ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை வாத்தியாரின் வகுப்பறையிலும், அவர் போகும் பேருந்திலும் பார்த்தார்கள். நீலம் சமையலறையில் செத்தது. சிவப்பு பேருந்தில் இழுத்தது. எல்லா இடத்திலும் அடித்தது மஞ்சள், வாத்தியார் பன்னிரண்டு வருடமாக வைத்திருந்த அதே மஞ்சள். அன்று குரல் அறுந்தது ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கோளாறாம். அந்த அம்மாளிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

எண்ணைத் திரும்ப மஞ்சளுக்கு மாற்றிவிட்டார்கள். போன் இப்போது உறையில்லாமல் ஜன்னலோரம் கிடக்கிறது. இரண்டாவது எண்ணாகச் சலவைக் கடைக்காரரின் எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொழுந்தன் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான். இன்னும் மணி அடிக்கவில்லை. அடித்தால் கேட்கும்.

அலைஞானி இப்போது வேறொரு ஊரில் இருப்பதாகக் கேள்வி. அங்கே தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துப் பலன் சொல்கிறாராம்; வரிசை பெரிதாம். அந்த வரிசையில் நீங்கள் போய் நிற்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தலையை விரலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால், "யார் அது? என்ன ஆதாரம்?" என்று கேட்பார்.