அறியாமை உறுதிமொழி

புதிய நிலங்களைக் கண்டுபிடிப்போர் என்றொரு வீர இனம் உலகில் இருந்ததாகவும், கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லாததால் அது அழிந்துபோனதாகவும் வரலாற்றுப் புத்தகங்கள் எழுதி வைத்திருக்கின்றன. எழுதியவர்கள் நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்ததில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. வந்திருந்தால், மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு விடிகாலையில் அந்த இனம் புளியோதரைப் பொட்டலங்களோடு வேனில் ஏறுவதைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள்.

‘அறியப்படாத தலங்கள் மற்றும் சிற்றுலாக் கழகம்’ என்பது அந்த இனத்தின் பெயர். குறிக்கோள் எளியது, ஆனால் மகத்தானது. யாருக்கும் தெரியாத கோயில், யாரும் ஏறாத மலை, யாரும் எட்டிப்பார்க்காத கோட்டை என்று ஒன்றைக் கண்டுபிடித்து, போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து, இருட்டுவதற்குள் குவார்ட்டர்ஸ் திரும்பிவிட வேண்டும். தெரிந்த கோயிலுக்குப் போகிறவர்களைக் கழகத்தார் ‘பக்தர்கள்’ என்று சற்று இரக்கத்தோடு குறிப்பிட்டார்கள்.

எது அறியப்படாத தலம் என்பதில் குழப்பம் வந்துவிடக் கூடாதென்று விதிகள் வகுத்திருந்தார்கள். செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் இடம் அறியப்பட்ட இடம். இரண்டு டீக்கடை இருந்தால் அதுவும் அறியப்பட்ட இடம்தான். ஒன்றே ஒன்று இருந்தால் தலைவரின் முடிவே இறுதியானது. உறுப்பினர் அனைவரும் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள் என்பதால் பாதுகாப்பில் சமரசமே கிடையாது. மலையடிவாரத்தில் பாதுகாப்பு உரை நடக்கும். மஞ்சள் ஹெல்மெட் மாட்டிய பிறகுதான் படியில் கால் வைக்கலாம். கருவறை சின்னதாக இருந்தால் ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று பிரிந்து கும்பிடுவார்கள். ஏ ஷிப்ட் வெளியே வந்து, உள்ளே சாமி நல்ல நிலையில் இயங்குவதாகச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்கும். அதன் பிறகே பி ஷிப்ட் உள்ளே போகும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது ‘அறியாமை உறுதிமொழி’. தலத்தின் வாசலில் வரிசையாக நின்று வலது கையை உயர்த்தி, “இந்த இடத்தை நான் பார்த்ததில்லை, இதைப் பற்றி ஒன்றும் அறியேன்” என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் கை தயங்கினாலும் பயணம் ரத்து. புளியோதரையை வேனிலேயே தின்றுவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கழகத்தின் செயலாளர்தான் சிவசங்கர். கன்வேயர் பிரிவில் பர்மனென்ட். வாரத்தில் மற்ற நாளெல்லாம் அவரை ‘யோவ் சிவா’ என்று கூப்பிடுகிறவர்கள் இரண்டாம் ஞாயிறு மட்டும் ‘செயலாளர் சார்’ என்பார்கள். வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட் அவருடையது. கழகத் தலைவர் அசோக்குமார் பெரிய அதிகாரி. டூட்டியில் சிவசங்கரை ஏறெடுத்தும் பார்க்காதவர், அன்று மட்டும் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். அந்தக் கையும் அந்த சீட்டும் போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று சிவசங்கர் சில நேரம் நினைத்துப் பார்ப்பார். ஒன்றும் மிஞ்சாது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் ‘டவுன்ஷிப்தாங்க’ என்பார். அதற்கு முன்னால் என்று விடாமல் கேட்டால் ‘பக்கத்துலதான்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்றா என்று பேச்சை மாற்றிவிடுவார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை, அதனால் வேலை வந்தது என்று கேன்டீனில் சிலர் பேசிக்கொள்வது அவர் காதுக்கும் வந்திருந்தது. கழகத்தில் அந்தப் பேச்சு கிடையாது. அங்கே எல்லோரும் ஒன்றும் அறியாதவர்கள்.

அப்பேர்ப்பட்ட சிவசங்கருக்குச் சோதனைக் காலம் வந்தது. அவர் தேர்ந்தெடுத்த இரண்டு தலங்கள் அடுத்தடுத்து மண்ணைக் கவ்வின. செஞ்சிப் பக்கம் பெயர் தெரியாத ஒரு குன்றின் உச்சிக்கு மூச்சிரைக்க ஏறிப் போனால், அங்கே சேலத்திலிருந்து வந்த வேறொரு கழகம் வரிசையாக நின்று கை தூக்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் தர்மபுரிப் பக்கம் ஒரு கோட்டை. கோட்டையில் ஒரு சுவர்தான் பாக்கி. உறுப்பினர் இளவழகன் கையை உயர்த்தி, ஒன்றும் அறியேன் என்று கணீரென்று சொன்னார். உயர்த்திய கைக்கு நேர் பின்னால் சுவரில் அவர் பெயர் செதுக்கியிருந்தது. அதன் கீழே ஒரு இதயம், இதயத்துக்குள் ஒரு பெண்ணின் பெயர். அவர் மனைவி சத்யா அதை நிதானமாகப் படித்தார், ஏனென்றால் அது தன் பெயர் இல்லை. பயணம் ரத்தானது. இளவழகன் வீட்டில் சில வாரம் சாப்பாடும் ரத்தானது.

வரப்போவது கழகத்தின் வெள்ளி விழாப் பயணம். அதுவும் இப்படி ஆனால் ‘செயலாளர் பொறுப்பு மறுபரிசீலனைக்கு உள்ளாகும்’ என்று அசோக்குமார் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார்.

அன்றிலிருந்து சிவசங்கர் டூட்டி முடிந்து வந்ததும் போனில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தென்னாட்டில் தெரியாத இடம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகையே வந்தது. எந்தப் பாழடைந்த மண்டபத்தைத் தொட்டாலும் நாலரை நட்சத்திரம். ‘பார்க்கிங் ஓகே, பொங்கல் சூப்பர்’ என்று எவனோ எழுதி வைத்திருந்தான். டவுன்ஷிப்பைச் சுற்றி மலை மாதிரி எழும்பி நின்ற சுரங்க மண்மேடுகளைக்கூட விரலால் தடவிப் பார்த்தார். தினமும் பார்ப்பதால் அவை விதிப்படி தேறவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் அது கண்ணில் பட்டது. கம்மாபுரம் தாண்டி, வயலோரத்தில் ஒரு சின்னத் தகரக் கூரை. நட்சத்திரம் இல்லை. படம் இல்லை. யாரும் ஒரு வரி எழுதவில்லை. ‘அம்மன் கோயில்’ என்ற இரண்டு சொல் மட்டும் நின்றது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை காலம் கழகத்தின் கண்ணுக்குத் தப்பிவிட்டதே என்று அவர் நெஞ்சு விம்மியது.

அந்த நேரம் பார்த்து மனைவி நந்தினி காபியோடு வந்தார். “சிங்காரவேல் மாமா மறுபடியும் போன் பண்ணாருங்க. ஞாயித்துக்கெழம குலதெய்வத்துக்குக் கூழ் ஊத்துறாங்களாம். இந்த ஆடிக்காவது உங்கள வரச் சொல்றாரு.”

சிவசங்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது வெறும் தகரக் கொட்டாய். அங்க போயி பாக்குறதுக்கு இன்னா இருக்குது? எனக்கு டிரிப் இருக்கு, நீ புள்ளைங்கள கூட்டிகினு போயிட்டு வந்துடு.”

நந்தினி வருஷா வருஷம் அப்படித்தான் பஸ் ஏறிப் போய் வருவார். எந்தப் பக்கம் போகிறார் என்று சிவசங்கர் கேட்டதில்லை. இப்போதும் கேட்காமல், அரிய தகரக் கூரையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்து ரசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் கம்மாபுரம் தாண்டித் திரும்பியபோதே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. தகரக் கூரையின் முன்னால் வேப்பிலைத் தோரணம், கூழ்ப்பானைகள், ஜனக்கூட்டம். உறுப்பினர்கள் முகம் வாடியது. இவ்வளவு பேருக்குத் தெரிந்த இடம் எப்படி அறியப்படாத தலமாகும் என்று சத்யா கேட்டார். அசோக்குமார் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்திருப்பது ‘அறிதல்’ ஆகாது என்று அவர் விளக்கினார். அவர்கள் அங்கேயே இருப்பதால் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, அதில் அவர்களுடைய முயற்சி என்று ஒன்றுமில்லை. எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது.

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வாசலில் சிமெண்டில் செய்த காவல் தெய்வம் வாழ்முனி, முறுக்கிய மீசையோடு ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். அந்த முழியைப் பார்த்ததும் சிவசங்கர் ஹெல்மெட்டைத் தூக்கி இன்னொரு முறை பார்த்தார். இதே முழியை இதைவிடப் பலமடங்கு பெரிதாக எப்போதோ அண்ணாந்து பார்த்த மாதிரி இருந்தது. காலையில் தின்ற புளியோதரையின் மயக்கம்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, செயலாளர் என்ற முறையில் முதல் ஆளாகக் கையை உயர்த்தினார்.

“இந்த இடத்தை நான் பார்த்ததில்லை; இதைப் பற்றி ஒன்றும் அறியேன்.”

கூழ்ப்பானைக்குப் பின்னால் ஒரு அகப்பை அந்தரத்தில் நின்றது. அகப்பையைப் பிடித்திருந்தவர் நந்தினி.

உள்ளேயிருந்து ஈர வேட்டியும் விபூதியுமாக ஒருவர் வெளியே வந்தார். சிவசங்கரின் பெரியப்பா மகன் சிங்காரவேல். அந்தக் கோயிலுக்குப் பூசை செய்கிறவர் அவர்தான். வரிசையை ஒருமுறை பார்த்தார். “வாடா சிவா. ஹெல்மெட்ட எடுத்துட்டு உள்ள வா. அம்மன் யாரோன்னு நெனைச்சிக்கப் போறா.”

மஞ்சள் ஹெல்மெட்டுகள் மொத்தமாகத் திரும்பின. செயலாளருக்கு இவரைத் தெரியுமா என்று அசோக்குமார் அலுவலகக் குரலில் கேட்டார். சிவசங்கர் தூக்கிய கையை இறக்கவும் மறந்து நின்றார். சிங்காரவேல்தான் பதில் சொன்னார். “பங்காளிங்க. பச்சைவாழியம்மன் எங்க குலதெய்வம். இவனுக்கும்தான்.”

அவ்விடத்திலேயே விசாரணை தொடங்கியது. தலைவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. செயலாளர் இந்தத் தலத்தை முன்பே பார்த்தவரா என்பது கேள்வி. பார்த்தவர் என்றால் வெள்ளி விழாவும் போயிற்று, பதவியும் போயிற்று. சாட்சியாக சிங்காரவேல் அழைக்கப்பட்டார்.

“பாத்ததே இல்லிங்க,” என்றார் சிங்காரவேல். “சொரங்கத்துக்கு ஊர எடுத்தப்ப அம்மாவ இங்க கொண்டாந்து வச்சோம். பதினெட்டு ஆடி ஆச்சு. வருசா வருசம் போன் பண்ணுவேன். ஒரு தபா வந்தது கெடையாது. நீங்க எங்க கூப்டாலும் வந்து சொல்றேங்க, அவனுக்கு ஒன்னும் தெரியாது.”

அவர் கோபப்படவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார், தம்பிக்கு நல்லது நடக்கட்டும் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னார். சிவசங்கரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆனால் அசோக்குமார் லேசில் விடுகிறவர் அல்ல. பழைய இடத்தில் கோயில் இருந்தபோது செயலாளர் பார்த்திருப்பாரே என்று குறுக்கு விசாரணை செய்தார்.

“பொறந்த முடியே அங்கதாங்க எடுத்தோம். முனி கால்மேல ஒக்காந்துகினு அழுதான். அந்த முனியத் தூக்க முடியாம அங்கயே வுட்டுட்டு, குடுத்த மனைக்கு இங்க சின்னதா செஞ்சிகினோம்.”

வரிசையில் சலசலப்பு எழுந்தது. அந்த இடம் இப்போது எங்கே என்று தலைவர் கேட்டார்.

“பள்ளமாயிட்டுதுங்க. இவன் தெனம் டூட்டிக்கு அங்கதான் போறான். நாங்கதான் பாஸ் இல்லாம உள்ள போவ முடியாது.”

அசோக்குமார் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தீர்ப்பு வழங்கினார். கோயில் இருந்த இடம் பள்ளம். பள்ளம் தலமாகாது. ஆகவே பள்ளத்தைத் தினமும் பார்ப்பதும், அது பள்ளமாகும் முன் பார்த்ததும் தலத்தைப் பார்த்ததாகாது. முனியைப் பொறுத்தவரை, பழைய முனியைத் தூக்க முடியாமல் அங்கேயே விட்டுவிட்டு, கொடுத்த மனைக்குத் தக்கபடி சின்னதாக வேறொன்று செய்துகொண்டதாகச் சாட்சியே சொல்கிறார். எனவே இவர் வேறு முனி. பயணம் செல்லும்.

அதோடு நிற்கவில்லை. சொந்தக்காரருக்கே தெரியாத தலம் என்று ஒன்று கழக வரலாற்றில் இதுவரை அகப்பட்டதில்லை என்று தலைவர் தழுதழுத்தார். ‘உச்ச அறியப்படாத தலம்’ என்ற புதிய பிரிவு அங்கேயே உருவாக்கப்பட்டது. சிவசங்கருக்குச் சால்வை போர்த்தினார்கள். யாருக்காவது சால்வை போர்த்தினால் கை தட்டுவது வழக்கம் என்பதால் கூழுக்கு நின்ற ஊர்க்காரர்களும் தட்டினார்கள்.

நந்தினி கழகத்தாருக்கு வரிசையாகக் கூழ் ஊற்றிக்கொண்டே வந்தார். சிவசங்கரின் முன்னால் வந்ததும் நின்றார். முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்.

“நீங்க எந்த ஊருங்க?”

‘டவுன்ஷிப்தாங்க’ என்பது அவர் தூக்கத்திலும் சொல்லும் பதில். அன்று கூழைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவமானமாக இருந்தது. ஒரே ஒரு நிமிடம், சால்வையைக் கழற்றி முனியின் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்து அழலாமா என்றும் இருந்தது. அதற்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அசோக்குமாரின் கை தோளில் விழுந்தது.

புறப்படும்போது சிங்காரவேல் வேன் ஜன்னலருகே வந்து, வழிதான் தெரிந்துவிட்டதே, அடுத்த ஆடிக்கு வருவாயா என்று கேட்டார். அசோக்குமார் முந்திக்கொண்டு கனிவோடு விளக்கினார்: ஒருமுறை கண்ட இடத்துக்கு உறுப்பினர் மறுபடி போகக் கூடாது, போனால் அது தெரிந்த இடமாகிவிடும், செயலாளரின் சாதனையும் ரத்தாகிவிடும். சிங்காரவேல் சிவசங்கரைப் பார்த்தார். சிவசங்கர் சால்வையைச் சரிசெய்தார்.

“அப்ப சரி. இனிமே போன் பண்ணல,” என்றார் சிங்காரவேல்.

சிவசங்கர் இன்று கழகத்தின் ஆயுட்காலச் செயலாளர். புதிய உறுப்பினர்களுக்கு அவரைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஒன்றும் அறியாமல் இருப்பது யாருக்கும் முடியும். பிறந்த முடி கொடுத்த தெய்வத்தை, மனைவி மக்கள் வருஷம் தவறாமல் கும்பிட்டு வரும் தெய்வத்தை, தான் சம்பளம் வாங்கும் பள்ளத்திலிருந்தே பெயர்ந்துபோன தெய்வத்தை அறியாமல் இருக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அசோக்குமார் கூட்டம்தோறும் வியக்கிறார்.

வெள்ளி விழாவின் நினைவாகப் பச்சைவாழியம்மனையும் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. விதி இடம் கொடுக்கவில்லை. சேர்வதென்றால் அவளும் உறுதிமொழி எடுக்க வேண்டும். பதினெட்டு ஆடியும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஒன்றும் அறியேன் என்று எப்படிக் கை தூக்குவாள்?