மியூசியத்துல அடிச்ச மணி

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்கற மச்சானை மலை மேல இருக்கற மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வரணும்.

மச்சான்னா என் பொண்டாட்டி மேரியோட அண்ணன். எங்க ஊருக்கு வந்தா எதையாவது பார்க்காம போகமாட்டார். போன தடவை ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரைப் பார்த்துட்டு, அதை மட்டும் நாப்பது போட்டோ எடுத்தார்.

சிக்கல் என்னன்னா, நான் ஏலத்தோட்டத்துல சூப்பர்வைசர். இது காய் எடுக்கற சீசன். இப்போ போய் மச்சானுக்காக லீவு கேக்க முடியாது. இப்படித்தான் ஒருத்தர் பொய் சொல்லி லீவு எடுத்து மாட்டினார். எங்க மலையாளி மேனேஜர் சார் அவரை ஒரு மாசம் மருந்து அடிக்கிற வேலைக்கு அனுப்பிட்டார்.

மேரிகிட்ட இதைச் சொன்னேன். அவங்கண்ணன் வருஷத்துல ஒரு தடவைதான் வர்றார்னு சொன்னா. காய்ச்சல்னு லெட்டர் எழுதிக் குடுத்து அரை நாள் லீவு வாங்கிட்டேன். பொய்க்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மன்னிப்பு கேட்டுக்கலாம்னு ஒரு நெனப்பு.

மியூசியம்னா பழைய துரை பங்களாதான். எங்க தோட்டத்துக்கு நேர் மேல இருக்கு. துரை குளிச்ச தொட்டி, துரையோட ஒத்தை பூட்ஸ், பழைய தராசுன்னு வரிசையா வெச்சிருக்காங்க. மச்சான் ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு, இன்னொரு பூட்ஸ் எங்கன்னு எல்லாம் என்னைக் கேட்டார். நானும் தெரிஞ்ச மாதிரியே பதில் சொன்னேன்.

கடைசியா வாசல் வராந்தாவுக்கு வந்தோம். அங்க ஒரு தண்டவாளத் துண்டு தொங்குது. அந்தக் காலத்துல அதைத் தட்டித்தான் தோட்டத்துல வேலை விடுவாங்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா எங்க தோட்டத்து சைரன் கெட்டு ரெண்டு வாரமாச்சு. இப்பவும் அங்க தண்டவாளத் துண்டுதான். சாயங்காலம் அதைத் தட்டி வேலை விடறதே நான்தான்.

மச்சான் அசந்துட்டார். "மாப்ள, எப்படி அடிப்பீங்கன்னு காட்டுங்க, வீடியோ எடுக்கறேன்"னார்.

பக்கத்துலயே மூணு பாஷையில "தொடாதீர்கள்"னு போர்டு. அதை மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினதே நான்தான். மெதுவா ஒரு தட்டு தட்டலாம்னு நெனச்சுத்தான் பக்கத்துல இருந்த கம்பியைக் கையில எடுத்தேன்.

ஆனா கைக்கு அது தெரியுமா? டங் டங். ஒரு மூச்சு விட்டு, டங் டங் டங். ரெண்டு வாரமா தினமும் அடிச்ச அதே அடி. எதிர்மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்துச்சு.

மணி அப்போ ரெண்டே கால்.

கீழ பார்த்தேன். ஏலச்செடிக்குள்ள இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் பத்து. கொஞ்ச நேரத்துல மொத்தப் பொம்பளைங்களும் காய் மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு எடை போடற இடத்துக்கு வரிசையா நடக்கறாங்க. மச்சான் அதையும் வீடியோ எடுத்தார்.

போன் அடிச்சுது. மேனேஜர் சார். ரெண்டு தடவை இருமிட்டு எடுத்தேன்.

"செல்வராஜே, காய்ச்சல் எப்படி உண்டு?"

"எந்திரிக்கவே முடியல சார். படுத்துத்தான் கெடக்கேன்."

"மணி அடிச்சது யாரு?"

"எந்த மணி சார்?"

"இங்க காய் எடுக்கற புஷ்பம் நிக்குது. ரெண்டு அடிச்சு மூச்சு விட்டு மூணு அடிச்சா, அது செல்வராஜ் அண்ணன் கைதான்னு சத்தியம் பண்ணுது."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மியூசியத்தைப் பார்த்துக்கற சேச்சி உள்ள இருந்து ஓடி வந்தாங்க. இது மியூசியம், எதையும் தொடக்கூடாதுன்னு போர்டு கண்டில்லையான்னு அவங்க போட்ட சத்தம், போன் இல்லாமலே சாருக்குக் கேட்டிருக்கும்.

சார் ரொம்ப அமைதியா, "அங்கயே நில்லு. வேலை தொடங்கற மணியை அடி"ன்னார்.

சேச்சி விடமாட்டேன்னுட்டாங்க. போனை அவங்ககிட்ட குடுத்தேன். ரெண்டு பேரும் மலையாளத்துல அஞ்சு நிமிஷம் என்னைப் பத்திப் பேசினாங்க. கடைசியில, பழைய பொருள், பார்த்து அடிக்கணும்னு அனுமதி கெடைச்சுது. காய்ச்சல்காரன் நான், சேச்சி கண்ணு முன்னாடி ஆறு அடி அடிச்சேன்.

கீழ எல்லாரும் நின்னு மேல பார்த்தாங்க. ஒருத்தர் கை கூட காட்டினாங்க. அப்புறம் வீட்டுப் பக்கம் நடந்துட்டாங்க. வேலை விடற மணி அடிச்சா அடிச்சதுதான், அதைத் திருப்பி வாங்க முடியாதுன்னு புஷ்பம் சார்கிட்டயே சொல்லிட்டுப் போயிருக்கு.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் மேரிக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினார். அவ ரெண்டாவது தடவை போடச் சொல்லி சிரிச்சா.

இன்னிக்குக் காலையில தோட்டத்துக்குப் போனா, "அண்ணே, அடுத்த காய்ச்சல் எப்போ?"ன்னு புஷ்பம் கேக்குது. சத்தியமா வெக்கமா இருந்துச்சு.

ஆபீஸ்ல என் லீவு லெட்டர் மேசை மேலயே இருந்துச்சு. பக்கத்துல மருந்து அடிக்கிற பம்பு. லெட்டர்ல சார் சிவப்பு மையில எழுதியிருந்தார்: "வலது கை நீங்கலாக, அரை நாள் லீவு அனுமதிக்கப்படுகிறது."